மலை ஒன்று, மாவட்டம் மூன்று, சத்த அளவு எத்தனை?

பாட்டு எதிர் மலையிலிருந்து வருகிறது. மணி ராத்திரி பத்தரை. உங்கள் வீடு திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பாக்ஸ் கட்டியிருக்கும் ஊர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், திருப்பத்தூர் மாவட்டத்தில். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் "அது நம்ம லிமிட் இல்லீங்களே" என்று பதில் வரலாம்.

ஜவ்வாது மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடும் காவலூரும் திருப்பத்தூருக்கு, அமிர்தி வேலூருக்கு. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, இந்த ஒரு மலை மூன்று ஆட்சியர்களின் பொறுப்பில் இருக்கிறது.

அதனால் ஒரு சந்தேகம் இயல்பாக எழும். திருப்பத்தூரில் ஒரு சத்த அளவு, போளூரில் இன்னொன்று, வேலூர் மாநகராட்சிக்குள் வேறொன்று என்று இருக்கிறதா? அடுத்த ஊரில் பன்னிரண்டு மணிவரை விட்டார்களே, நம் ஊரில் மட்டும் பத்து மணிக்கே ஏன் நிறுத்தச் சொன்னார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. ஊருக்கு ஊர் அளவு மாறாது. மத்திய அரசு 2000 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள்தான் சென்னைக்கும், ஆலங்காயத்துக்கும், மலைமேல் பத்து வீடு இருக்கும் குக்கிராமத்துக்கும். ஆந்திரத்தின் குப்பத்துக்கும் கர்நாடகத்தின் பெங்களூருக்கும்கூட அதேதான்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. அளவு மாறாவிட்டாலும், உங்கள் தெருவை அரசு எந்த வகையில் வைத்திருக்கிறது என்பது மாறும். அனுமதி தருகிற, தடுக்கிற அதிகாரி மாறுவார். ஊருக்கு ஊர் வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியானால் அந்த அளவுதான் எவ்வளவு? சத்தத்தை டெசிபல் (ஒலி எவ்வளவு பலமானது என்று சொல்லும் அலகு) கணக்கில் சொல்வார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. கடைத்தெருவில் பகலில் 65, இரவில் 55. தொழிற்சாலைப் பகுதியில் 75, 70. அமைதிப் பகுதி (மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் இடம்) என்றால் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. அதற்குப் பிறகு மறுநாள் காலை 6 வரை இரவு.

45 என்றால் எவ்வளவு சத்தம்? இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் ஏறக்குறைய 60 வரும். அதைவிட நன்றாகக் குறைந்தது 45. மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நின்றால் 80ஐத் தாண்டும். கல்யாண வீட்டு பாக்ஸுக்கு முன்னால் நின்றால் 100ஐத் தொடும்.

இங்கே ஒரு கணக்கு பலரை ஏமாற்றிவிடும். 55 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருந்தால் "பத்துதானே கூட" என்று தோன்றும். டெசிபல் அப்படிக் கூடுவதில்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. இருபது கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. ஆகவே "கொஞ்சம்தான் தாண்டிடுச்சு" என்று மைக் செட்காரர் சொன்னால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகள் சராசரி என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு லாரி ஒரு தடவை ஹாரன் அடித்துப் போனால் அதுவே விதிமீறல் ஆகிவிடாது. குறிப்பிட்ட நேரம் முழுக்க எவ்வளவு சத்தம் இருந்தது என்றுதான் கணக்கிடுவார்கள். ஆனால் ஒலிபெருக்கிக்கு இதைவிட நேரான விதி ஒன்று தனியாக உண்டு.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் அளந்து பார்க்கும்போது அந்தப் பகுதிக்குரிய அளவைவிடப் பத்துக்கு மேல் கூடக்கூடாது. எந்தப் பகுதியானாலும் 75ஐத் தாண்டக்கூடாது. இரண்டில் எது குறைவோ அது. வீடுகள் நிறைந்த ஊரில் கோயில் திடலின் ஓரத்தில் பகலில் 65 வரை போகலாம் என்று அர்த்தம். தனியார் இடமாக இருந்தால், அதாவது தோட்டம், ரிசார்ட், கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டு என்றால், கூடுதலாக ஐந்துதான். குடியிருப்பு ஊரில் பகலில் 60, இரவில் 50.

ஜமுனாமரத்தூர் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி நெருப்பு மூட்டி, புளூடூத் ஸ்பீக்கர் வைத்து, "நம்ம இடம்தானே" என்று விருந்தினர்கள் பாடினால், கேட்கப்போவது உங்களைத்தான்.

மலையில் சத்தம் ஏன் இவ்வளவு தூரம் போகிறது? சமவெளியில் இருந்து வந்த மைக் செட்காரர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து பத்து மீட்டரில் 95 இருந்தால், இருபது மீட்டரில் 89, நாற்பதில் 83, எண்பதில் 77. இப்படியே இரட்டித்துப் போனால் 1,280 மீட்டரில்தான் 53க்கு வரும். அப்போதும் இரவு அளவான 45ஐ விட எட்டு அதிகம். கீழே ஊரில் நடுவே கட்டடங்கள் தடுக்கும். இங்கே பாக்ஸ் மேட்டில், உங்கள் வீடு எதிர் மேட்டில், நடுவே வெறும் காற்று.

அதிலும் இரவில் இன்னொரு வேலை நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போக வேண்டிய ஒலி அந்த வெதுவெதுப்பில் பட்டு வளைந்து கீழேயே இறங்குகிறது. மார்கழியில் எங்கோ அடிக்கும் மேளம் பக்கத்தில் அடிப்பதுபோலக் கேட்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். டிஜே பாக்ஸின் 'தும் தும்' என்கிற அடித்தொனி இன்னும் தூரம் போகும், சுவரையும் தாண்டும். பாட்டின் வார்த்தை ஒன்றும் புரியாது, ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிரும்.

நடைமுறைக்கு ஒரு யோசனை: விழா உங்களுடையது என்றால் பாக்ஸை மேட்டில் கட்டாதீர்கள், பள்ளத்தைப் பார்த்துத் திருப்பாதீர்கள். பெரிதாக ஒன்றிரண்டு வைப்பதற்குப் பதில் சிறியதாக நாலைந்தைக் கூட்டம் உட்காரும் இடத்துக்குள்ளேயே பிரித்துக் கட்டினால், கேட்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். எதிர் மலைக்குப் போவது குறையும். குழாய் ஸ்பீக்கர் என்று நாம் சொல்லும் கூம்பு வடிவத்தை விட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் "கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும்" என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் வழக்கமாக வருவதுதான்.

சரி, இரவு பத்து மணிக்குப் பிறகு 45க்குள் இருந்தால் பாடலாமா? கூடாது. இதைத்தான் அநேகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. மூடிய மண்டபத்துக்குள், அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி என்றால் பரவாயில்லை. பொது ஆபத்துக் காலத்தில் அறிவிப்புச் செய்யலாம். மற்றபடி நிறுத்த வேண்டியதுதான்.

புகார் செய்பவருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. பகலில் புகார் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் அளவைவிடப் பத்து அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், அளக்க ஆள் வேண்டும். இரவுத் தடையை மீறினால் அதுவே புகாருக்குப் போதும். "எத்தனை டெசிபல் இருந்துச்சு?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், "மணி பத்தரை, மைக் ஓடுது" என்பதே பதில்.

அப்படியானால் அடுத்த ஊரில் பன்னிரண்டு மணிவரை எப்படி விட்டார்கள்? இதற்கும் விதியில் இடம் இருக்கிறது. கலாச்சார, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு மொத்தம் 15 நாள் வரை, இரவு 10 முதல் 12 வரை ஒலிபெருக்கியை அனுமதிக்கலாம். எந்தெந்த நாள் என்பதைப் பொதுவாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்த அதிகாரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் சொன்னது. ஆகவே அந்த ஊரின் திருவிழா அப்படி அறிவித்த நாளில் வந்திருக்கலாம். இல்லையென்றால் அங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம். "பக்கத்து ஊர்ல விட்டாங்களே" என்பது சட்டத்தில் ஒரு பதிலே இல்லை என்பதால், அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கூத்து விஷயத்தில் எனக்கே மனம் ஒப்பவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்து ராத்திரி பத்துக்கு மேல் தொடங்கி விடியவிடிய நடப்பது. புரிசை போன்ற ஊர்களின் பேரே கூத்தால்தான் வெளியுலகுக்குத் தெரியும். 2010இல் விதியைத் திருத்தியபோது, இரவில் கூடாது என்ற தடைக்குள் ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். எழுத்தின்படி பார்த்தால் முகவீணையும் மிருதங்கமும்கூட அதற்குள் வருகின்றன. 15 நாள் சலுகையும் நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நேரத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை.

என்ன செய்வது? கூத்துக்கு உண்மையில் மைக் தேவைப்பட்டதே சமீப காலத்தில்தான். பந்தலுக்குள் உட்காருகிறவர்களுக்கு வாத்தியாரின் குரல் தானாகவே எட்டும். ஊரைத் தாண்டிப் போவது பாக்ஸ்தான். புகார் வருவதும் அதனால்தான். பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டுக் கூத்தை நடத்துகிற ஊருக்குத் தொல்லை வருவது குறைவு. ஆனாலும் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஜீப் வந்து நின்றால் வாதாட முடியாது.

யாரிடம் கேட்பது? ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். விதி சொல்லும் அதிகாரி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது அரசு நியமிக்கும் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத வேறு அதிகாரி. ஊருக்கு ஊர் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சென்னையில் காவல் ஆணையர் உண்டு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூன்றிலும் ஆணையர் கிடையாது. ஆட்சியரும் மாவட்டக் காவல்துறையும்தான். வேலூர் மாநகராட்சி ஆகியும் அங்கே எஸ்பிதான். ஆக வேலூர் நகரத்தில் கல்யாணம் வைப்பவரும் அமிர்தி பக்கம் கல்யாணம் வைப்பவரும் ஒரே வழியில்தான் மனு கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் மனு உள்ளூர் ஸ்டேஷன் வழியாகத்தான் மேலே போகும். மலைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அனுமதியை விழா நடக்கும் இடத்தின் எல்லையை வைத்து வாங்க வேண்டும். உங்கள் வீட்டின் எல்லையை வைத்து அல்ல. மாப்பிள்ளை வீடு ஆலங்காயம் பக்கம், பெண் வீடு ஜமுனாமரத்தூர் பக்கம் என்றால், ரிசப்ஷனுக்கு ஒன்று, தாலி கட்டுக்கு ஒன்று என இரண்டு மாவட்டத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒன்றின் கடிதம் இன்னொன்றுக்கு உதவாது.

புகாருக்கும் அதே கணக்கு: சத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தின் அதிகாரியிடம். அது எந்த ஊர் என்றே இருட்டில் தெரியவில்லை என்றால் 112க்கு அழையுங்கள். மாநிலம் முழுவதுக்கும் அவசர எண் அதுதான் என்பதால், "நம்ம லிமிட் இல்லை" என்ற பேச்சு அங்கே எழ வேண்டியதில்லை. பெயரும் நேரமும் பதிவாகட்டும்.

ஊருக்கு ஊர் விதி வேறு என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. சென்னைக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். வெளியூர் நகரங்களுக்கு 1889ஆம் ஆண்டின் நகரத் தொல்லைகள் சட்டம். தம்பட்டம் அடிப்பதும் கொம்பு ஊதுவதும் அவற்றில் வரும். 2000 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்து கே.கே.ஆர். நகர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது இந்தப் பழைய சட்டங்களையும் புதிய விதிகளையும் சேர்த்தே எடுத்துப் பார்த்தது. ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியும் டிரம்மும் தொந்தரவு என்று குடியிருப்போர் போட்ட வழக்கு அது. சாலை வாகனச் சத்தம்தான் காரணம் என்பது சபையின் வாதங்களில் ஒன்று. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் முடித்தது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்கும் அன்றிலிருந்து அதே பதில்தான்.

வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும். அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் சத்த விதி வேறுதான். 1972இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பத்தே ஆண்டில் அதற்கான அலுவலகத்துக்குப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு நகர மன்றமும் தானே விதி போட்டுக்கொண்டது. மகன் அங்கிருந்து போனில் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பக்கத்து மாநிலத்திலாவது மாறுமா? டெசிபல் மாறாது. கர்நாடகம் 2022 மே மாதம் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் 15 நாளுக்குள் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் கழற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதுவும் இந்த 2000ஆம் ஆண்டு விதியை அமல்படுத்துவதற்குத்தான். பெங்களூரில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வரும் பையன்கள் "அங்கெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றால், அங்கே கண்டிப்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விதி இங்கேயும் அதேதான்.

பள்ளி, ஆஸ்பத்திரி பக்கத்தில் தானாகவே அமைதிப் பகுதி ஆகிவிடுமா? முன்பு பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்: சுற்றி 100 மீட்டர். 2017 ஆகஸ்ட்டில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு குறிப்பிட்டு அறிவித்தால்தான் அது அமைதிப் பகுதி. வாசலில் "ஒலி எழுப்பாதீர்" என்று ஒரு பலகை இருந்தால் மட்டும் போதாது.

இந்த மலைக்கு இது முக்கியமான விஷயம். இங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல. கீழூர்ப் பள்ளிக்கூடம் நாலரை மணிக்குக் காலியாகிவிடும். இங்கே பிள்ளைகள் ராத்திரி அங்கேயேதான் தூங்குகிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட பள்ளியோ ஆரம்ப சுகாதார நிலையமோ இருந்தால், கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கிராம சபை தானே அறிவித்துவிட முடியாது, கேட்கத்தான் முடியும். ஆனால் தனி ஆள் மனுவைவிட தீர்மானத்துக்கு மேசையில் கனம் அதிகம்.

ஊரே பேசி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு மதிப்பு உண்டா? சட்டத்தில் இல்லை, ஊரில் நிறைய உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை.

வெடி என்றதும் நினைவு வருகிறது. தீபாவளிக்கு நேரக் கட்டுப்பாடு மாநிலம் முழுவதும் ஒன்றுதான்: 2018இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்னபோது தமிழ்நாடு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. மலைக்குத் தனி நேரம் இல்லை. வெடித்த இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. விதிப்படி இரவு பத்துக்கு மேல் சத்தவெடி கூடாது.

ஜெனரேட்டருக்கும் அளவு உண்டு. கரண்ட் போகிற மலையில் விழாவென்றால் டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது. 2005க்குப் பிறகு தயாரித்த, 1,000 கேவிஏ வரையிலான ஜெனரேட்டர் அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. வாடகைக்கு எடுக்கும்போது கூண்டு இருக்கிறதா, கதவு மூடுகிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் அந்த 75க்கு அர்த்தமே இல்லை.

ஹாரன்? குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிக்கக்கூடாது, ஆபத்து நேரம் தவிர. "மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு 'ஹாரன் அடிக்கவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்களே" என்று கேட்பீர்கள். காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவு குடியிருப்பு அல்ல. அங்கே அடிக்கத்தான் வேண்டும். ஊர் வந்ததும் விட்டுவிட வேண்டும். பல ராகத்தில் கூவும் ஏர் ஹாரன் எந்த இடத்திலும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி சத்த அளவை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இனி புகார். செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி இருக்கிறதே, அது செல்லுமா? சாட்சியமாக நிற்காது, போன் மைக் முறையாகச் சரிபார்க்கப்பட்ட கருவி அல்ல. ஆனால் தோராயமாகத் தெரிந்துகொள்ள உதவும். பகலில் உங்கள் வாசலில் 60 காட்டுகிறதா 80 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் புகாரை முடிவு செய்யலாம். அரசின் நிரந்தர ஒலி அளவீட்டு நிலையங்கள் 2011 முதல் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில்தான் அமைந்தன. இந்த மலையில் உங்கள் குறிப்புதான் பதிவு.

மனு எப்படி எழுதுவது? நீளம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, எங்கள் ஊருக்கு எதிரே உள்ள இன்ன ஊர்த் திடலில் இன்ன தேதி இரவு 10 மணி 20 நிமிடத்திலிருந்து 1 மணி வரை ஒலிபெருக்கி ஓடியது. 112க்கு 10 மணி 35 நிமிடத்துக்கு அழைத்துச் சொன்னோம். வீட்டில் மூன்று மாதக் குழந்தையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியும் இருக்கிறார்கள். ஒலி மாசு விதிகள் 2000, விதி 5இன்படி இரவில் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது. அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் அதன் நகலைத் தரவும். இல்லையெனில் நடவடிக்கை எடுக்கவும்."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். அனுமதி உண்டா இல்லையா என்று எழுத்தில் கேட்டுவிட்டால், பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் நடக்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிட, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 133) அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஒருநாள் விழாவுக்கு இது சரிப்படாது. தினமும் விடியற்காலை குழாய் ஸ்பீக்கர் போடுகிற இடம், இரவெல்லாம் ஓடும் பட்டறை போன்றவற்றுக்குத்தான் இது பொருத்தம்.

தண்டனை என்ன? சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது அபராதமாக மாறியது: குறைந்தது 10,000 ரூபாய், கூடினால் 15 லட்சம். சிறை போய்விட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். திருவிழாக் கமிட்டிக்குப் பத்தாயிரமே பெரிய தொகைதான். அதைவிடப் பயம் மைக் செட்காரருக்கு. அளவை மீறும் ஒலிபெருக்கியையும் ஆம்ப்ளிஃபையரையும் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் உத்தரவிட்டது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு சிறுமியின் அலறல் அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் போன சம்பவத்தை முன்வைத்துத் தொடுத்த வழக்கு அது.

ஆகவே விழா நடத்துகிறவருக்கு ஒரு வார்த்தை. மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் சீட்டிலேயே "இரவு 9.50க்கு நிறுத்தப்படும்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று இளவட்டங்கள் கேட்கும்போது, மைக் செட்காரர் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு ஒயரைச் சுருட்டத் தொடங்கலாம்.